கடிவாளம் அட்ரினலில் இல்லை

மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகத்தை 1942 சனவரியில் ஜப்பானியப் படை சிறைமுகாம் ஆக்கியது. உள்ளே அடைக்கப்பட்ட அயல்நாட்டுப் பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. முகாமுக்குள்ளிருந்த மருத்துவர்கள் இதை விடாமல் குறித்துவைத்தார்கள். 1944இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது கட்டுரையாக வந்தது. உணவுத் தட்டுப்பாடு உடலை வாட்டத் தொடங்கும் முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய செய்தி. அப்படியானால் அதை நிறுத்தியது எது?

மன அழுத்தத்தில் அட்ரினல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கிறது, அது இனப்பெருக்க ஹார்மோன்களை அடக்குகிறது என்பது வழக்கமான பதில். தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் முதல் வேலையைச் செய்யும் மூளையை அது கதைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

சினைமுட்டை முதிர்வதற்கான ஆணை மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸில் பிறக்கிறது. பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் அங்கிருந்து விட்டுவிட்டு, துடிப்புகளாக வெளிப்படுகிறது. அதன் தூண்டலில் பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்தை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் சுரக்கிறது. பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழு, ஹைப்போதலாமஸ் செயலிழந்த ரீசஸ் குரங்குகளுக்கு இந்த ஹார்மோனை மணிக்கொரு முறை செலுத்தியபோது பிட்யூட்டரி மீண்டும் இயங்கியது. இடைவிடாமல் செலுத்தியபோது அடங்கிப்போனது. 1978இல் வெளியான இந்த முடிவிலிருந்து ஒன்று விளங்குகிறது. சூலகத்தை முடக்க ஜி.என்.ஆர்.எச்.சை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, அதன் தாளத்தைத் தளர்த்தினால் போதும்.

தாளத்தைத் தளர்த்துவது யார்? 1981இல் சால்க் நிறுவனத்தில் வைலி வேல் குழு, 41 அமினோ அமிலங்கள் கொண்ட சி.ஆர்.எச். என்ற மூளை ஹார்மோனை அடையாளம் கண்டது. அட்ரினலைத் தூண்டும் சங்கிலியின் முதல் கண்ணி அது. 1986இல் கேத்தரின் ரிவியரும் வேலும் எலிகளின் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், எல்.எச். சரிந்தது. மூளைக்குள் சி.ஆர்.எச்.சைத் தடுக்கும் பொருளைச் செலுத்தியதும் அந்தச் சரிவு விலகியது. அவை ஆண் எலிகள் என்பதால் இதை அப்படியே பெண்ணுடலுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஃபெரின் குழு, சூலகம் நீக்கப்பட்ட பெண் குரங்குகளிலும் சி.ஆர்.எச். எல்.எச்.சைக் குறைப்பதைக் கண்டது. அட்ரினல்களை அகற்றிய குரங்குகளிலும் அதே விளைவுதான். கார்டிசோல் சுரக்க வழியே இல்லாத உடலிலும் எல்.எச். சரிவு தொடர்ந்தது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் வரைபடம் இன்னும் நுணுக்கமானது. அச்சத்தை எடைபோடும் அமிக்டலாவின் உட்பக்கப் பகுதியைச் சேதப்படுத்தினால், எலியை அசையவிடாமல் அடைத்துவைப்பதால் வரும் எல்.எச். சரிவு மங்கிப்போகிறது என்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கெவின் ஓ'பைர்ன் குழு காட்டியது. ஹைப்போதலாமஸில் துடிப்பை உருவாக்கும் கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் வரை இந்த வழி செல்கிறது.

அதற்காகக் கார்டிசோலை விடுவித்துவிட முடியாது. மிச்சிகனில் ஃபிரெட் கார்ஷ் குழுவின் செம்மறியாட்டு ஆய்வுகள் இதற்குச் சாட்சி. சூலகம் அகற்றப்பட்ட ஆட்டில் கார்டிசோல் பிட்யூட்டரியின் செவிசாய்ப்பை மட்டும் குறைக்கிறது. சூலக ஹார்மோன்கள் இருக்கும் ஆட்டிலோ ஜி.என்.ஆர்.எச். துடிப்பையே தளர்த்துகிறது. ஆகவே கார்டிசோல் இரண்டாம் அடுக்கு. அதன் கை எவ்வளவு நீளும் என்பதைப் பெண்ணின் சுழற்சி நிலை தீர்மானிக்கிறது.

இந்த வாதத்துக்குக் கடினமான எதிர்ப்பு ஆய்வாளர் ஆன் லவுக்ஸிடமிருந்து வருகிறது. உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு அதற்கேற்ற உணவும் கிடைத்தபோது எல்.எச். துடிப்பு கெடவில்லை என்று 1998இல் அவர் காட்டினார். கெடுத்தது பயிற்சியின் அழுத்தமல்ல, ஆற்றல் பற்றாக்குறை. கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே போனால் துடிப்பு தடுமாறுகிறது என்று 2003ஆம் ஆண்டு ஆய்வில் எல்லையும் வகுத்தார். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சியின் களைப்பும் சிறைமுகாமின் அச்சமும் ஒன்றல்லவே. மேலும், சினோமோல்கஸ் குரங்குகளில் ஜூடி கேமரன் குழு கண்டபடி, புது இடத்துக்கு மாற்றுவதோ, சற்றே உணவைக் குறைத்துப் பயிற்சி கொடுப்பதோ தனித்தனியே பெரிய பாதிப்பைத் தரவில்லை. இரண்டும் சேர்ந்தபோது பெரும்பாலானவற்றின் சுழற்சி குலைந்தது. மனமா வயிறா என்று பிரித்துக் கேட்பதில் பொருளில்லை.

சிகிச்சையிலும் இதன் சாயல் உண்டு. ஹைப்போதலாமஸ் தளர்ச்சியால் மாதவிடாய் நின்ற 16 பெண்களை சாரா பெர்கா குழு இரண்டாகப் பிரித்தது. எட்டுப் பேருக்கு 20 வாரம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தரப்பட்டது. மற்ற எட்டுப் பேர் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டார்கள். முதல் குழுவில் ஏழு பேருக்குச் சூலக இயக்கம் திரும்பியது, இரண்டாவதில் இரண்டு பேருக்கு. 2003இல் வெளியான இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஹார்மோன் மாத்திரை இல்லாமல் பேச்சினாலேயே சூலக இயக்கம் மீண்டது என்பது, தடை மூளையில்தான் போடப்படுகிறது என்ற வாதத்தோடு இசைகிறது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் "டென்ஷனைக் குறைம்மா" என்று சொல்லி அனுப்ப இது உரிமம் ஆகாது. ஹைப்போதலாமஸ் தளர்ச்சி என்று முடிவுகட்டும் முன் கருப்பம், தைராய்டு, புரோலாக்டின் எல்லாவற்றையும் சோதித்தாக வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி நோயிலோ நிலைமை நேர் எதிர்: அங்கே ஜி.என்.ஆர்.எச். துடிப்பு வழக்கத்தைவிட விரைகிறது. இரு பெண்களுக்கும் மாதவிடாய் வரவில்லை என்றாலும், ஒருத்தியின் மூளை தாளத்தைத் தளர்த்தியிருக்கிறது, மற்றவளின் மூளை அதை முடுக்கியிருக்கிறது.