தோட்டப்புறமும் தொற்றுநோய்க் கணக்கும்

2020ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 14ஆம் திகதி வந்தது. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் ஒக்டோபரில் தலைதூக்கிய கொரோனா தொற்று கொழும்பில் பரவிக்கொண்டிருந்த வேளை அது. மேல் மாகாணத்தை விட்டு வெளியேற நவம்பர் 15 வரை தடை விதிக்கப்பட்டது. தலைநகரில் தொழில் பார்க்கும் மலையக இளைஞர்கள் பண்டிகைக்கு ஊர் திரும்பினால் நோயும் உடன் வரும் என்ற அச்சம் லிந்துலை போன்ற தோட்டப்புறங்களில் நிலவியது. இத்தகைய அச்சத்தை எண்களாக்கிப் பார்க்க உதவுவதே தொற்றுநோய்களுக்கான கணினி மாதிரியுரு.

1927இல் கேர்மக், மக்கென்ட்ரிக் ஆகியோர் வகுத்த அடிப்படைக் கணக்கு, குவளைத் தேநீரில் கரைந்த சீனியைப் போல மக்கள் எல்லோரும் எல்லோருடனும் சமமாகக் கலப்பதாகக் கொண்டது. நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. 1985இல் ருவச்சேவ், லொங்கினி இருவரும் உலகின் 52 நகரங்களைத் தனித்தனி உபகுடித்தொகைகளாக வகுத்து, விமானப் பயணிகளின் எண்ணிக்கையால் அவற்றை இணைத்து, 1968இன் ஹொங்கொங் காய்ச்சல் பரவிய பாதையைக் கணித்தனர்.

நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் 7 இலட்சத்து 11 ஆயிரம். பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத்துறையினர். மாவட்டம் முழுவதையும் ஒரே கலமாகக் கொண்டால் தலவாக்கலை வர்த்தகரும் லயன் அறையில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒன்றாகிவிடுவர். சுவரையும் தண்ணீர்க் குழாயையும் பகிரும் லயனுக்குள் நோய் விரைந்து பரவும். அடுத்த தோட்டத்துக்கு அது மெதுவாகவே செல்லக்கூடும். நோயின் கணக்கில் லிந்துலைக்கு அயல் தோட்டத்தைவிடப் புறக்கோட்டையே அருகில் இருக்கலாம். வரைபடத் தூரத்தை மட்டும் நம்பும் மாதிரியுரு இங்கே தவறிவிடும்.

பயணத்தையும் இருவகையாகப் பிரிக்க வேண்டும்: குடிபெயர்வு ஒன்று, சென்று திரும்புதல் மற்றொன்று. பண்டிகைக்கு வருபவரைக் குடிபெயர்ந்தவராகப் பதிந்தால் கணினியில் கொழும்பு வெறுமையாகும், தோட்டம் நிரம்பி வழியும். பதிவேட்டில் லிந்துலையிலும் வாழ்க்கையில் கொழும்பிலும் இருப்பவரை எங்கே சேர்ப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். பயண அளவும் ஆண்டு முழுதும் ஒன்றல்ல. தீபாவளி ஐப்பசியையும் புத்தாண்டு சித்திரையையும் விட்டு நகர்வதில்லை. பெருநாட்களோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருகின்றன.

பயணத்தடையால் என்ன கிடைக்கும்? தொற்று 4 நாட்களுக்கொருமுறை இரட்டிப்பாகுமானால், பயணங்களைப் பத்திலொன்றாகக் குறைப்பதால் கிடைப்பது சுமார் 13 நாள் தாமதமே. அந்த நாட்களில் வைத்தியசாலையை ஆயத்தப்படுத்தாவிட்டால் தடையால் பயன் சொற்பம்.

பயணத் தரவுகளைப் பெறுவதே பெரும் சிக்கல். பாகிஸ்தானில் 2013இல் பரவிய டெங்குவை ஆராய, ஏறத்தாழ 4 கோடி கையடக்கத் தொலைபேசிகளின் பதிவுகள் பயன்படுத்தப்பட்டன. ஒரு தொலைபேசியை மூவர் பகிரும் லயன் வீட்டில் அதே முறையைக் கையாண்டால், மூவரின் பயணங்களும் ஒருவருடையதாகவே பதிவாகும்.