கர்ரி ஃபேவரும் நம்ம ஊர்க் கறியும்

புத்தூரில் ‘கறி எடுத்துட்டு வா’ன்னா ஆட்டுக்கறி. காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுக்குப் போனால் அதே சொல் வாழைக்காய்ப் பொரியல். அவர்கள் பேச்சில் கறியமுது. அதுவும் தேய்ந்து ‘கரமது’. இன்னும் பின்னால் போனால், அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர் பொன் கொடுத்து முசிறியில் ஏற்றிக்கொண்டு போகும் கறி, மிளகு.

இத்தனை வயதான சொல் என்பதால் ஆங்கிலத்தின் ‘கர்ரி ஃபேவர்’ என்ற வினையும் நம்முடையதுதான் என்று பலர் நம்புகிறார்கள். பொருள், ஒருவரிடம் குழைந்து தயவு சம்பாதிப்பது. குழம்பு ஊற்றித் தயவு வாங்குவது போலத்தான் எனக்கும் தோன்றியது. சிலர் ‘ஃபேவரை’ ‘ஃப்ளேவர்’ என்றே எழுதிவிடுகிறார்கள்!

ஆனால் அந்த வினைக்கும் நம் அடுப்பங்கரைக்கும் சம்பந்தமே இல்லை. தயார்ப்படுத்துவது என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினை ஒன்றிலிருந்து வந்தது அது. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வேலை. ஒன்று, குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சுத்தம் பண்ணுவது. இன்னொன்று, பதனிட்ட தோலைச் சுரண்டி, எண்ணெய் ஏற்றி மென்மையாக்குவது. செம்பட்டுப் பக்கம் தோல் ஷாப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஃபேவர் எங்கிருந்து வந்தது? 1310, 1314 ஆண்டுகளில் பிரான்சில் இரண்டு பாகமாக எழுதப்பட்ட அங்கதக் காவியம் ‘ரோமான் த ஃபோவெல்’. நாயகன் ஃபோவெல் ஒரு குதிரை, வஞ்சகத்தின் உருவம். அரசர்களும் மதகுருக்களும் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபேவலைத் தேய்ப்பது’ முகஸ்துதிக்குப் பெயரானது. பிறகு குதிரை மறந்துபோய், 16ஆம் நூற்றாண்டில் ஃபேவல் ஃபேவர் ஆகிவிட்டது.

வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததே 1498ல். நம் கறி, போர்த்துகீசியரின் ‘கரில்’ வழியாக, 1598ல் லின்ஸ்கோட்டனின் பயணநூல் மொழிபெயர்ப்பில்தான் ஆங்கில அச்சைப் பார்க்கிறது.

எதிர்ப்பக்கமும் இதே தப்பைச் செய்கிறது. இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபோர்ம் ஆஃப் கியூரி’யைக் காட்டி, கறியே ஆங்கிலச் சொல்தான் என்பார்கள். அந்தக் ‘கியூரி’ வெறும் சமையல். பிரெஞ்சில் ‘சமைப்பது’ என்ற வினையிலிருந்து பிறந்தது. உண்கிற கறிக்குத் தமிழே மூலம் என்று 1886லேயே ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி எழுதிவிட்டது. அதன் ஆசிரியர் இருவரில் பர்னெல், பக்கத்துத் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அகராதி வெளிவருவதற்கு முன்பே, 1882ல் இறந்துபோனார். இந்த அத்தாட்சி கையில் இருக்கும்போது நமக்கு எதற்கு அந்தக் குதிரை?

‘கர்ரி ஃபேவர்’ என்பதற்குத் தமிழ் ‘காக்கா பிடிப்பது’. காக்கைக்கு அதில் என்ன வேலை? ‘கால் கை பிடிப்பது’தான் திரிந்து ‘காக்கா பிடிப்பது’ ஆயிற்று என்பார்கள். அங்கே ஒரு குதிரை காணாமல் போனது. இங்கே ஒரு காக்கா வந்து உட்கார்ந்துகொண்டது.