ராஜ்புத் என்னும் நாசகாரிக் கப்பல்

ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் ஜான் பிரவுன் கம்பெனியார் கட்டி, 1942 மார்ச்சில் நீரில் இறக்கி, 'ராதர்ஹாம்' என்ற பெயரோடு பிரிட்டிஷ் கடற்படையிலும், 1949 முதல் 'ராஜ்புத்' என்ற பெயரோடு இந்தியக் கடற்படையிலும் சேவை புரிந்த கப்பல் இது. 4.7 அங்குலப் பீரங்கிகள் நான்கும் டார்பிடோக் குழாய்கள் எட்டும் தாங்கி, மணிக்கு 36 கடல் மைல் வேகத்தில் செல்ல வல்லதாயிருந்தது; மகாயுத்தத்தின் பிற்பகுதியில் கீழ்த்திசைக் கப்பற்படையைச் சேர்ந்து இந்து மகாசமுத்திரத்தில் உழைத்து, 1945 செப்டம்பரில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தை ஜப்பானியரிடமிருந்து பொறுப்பேற்றது. அத்தளத்தின் வாயில் ஒன்றுக்கு இதன் பெயரே இடப்பட்டது. சுதந்திர இந்தியா பெற்ற முதல் மூன்று நாசகாரிகளில் ரஞ்சித், ராணா என்பவற்றோடு இதுவும் ஒன்று.

ஆயினும் இதன் கீர்த்தி முழுவதும் 1971-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த இந்திய-பாகிஸ்தான் யுத்தத்தையொட்டியே அமைந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகிய விக்ராந்தை அழிக்கும் உத்தேசத்துடன் 'காஜி' என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்குள் புகுந்திருப்பதை உணர்ந்த கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, முதுமை எய்திய ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் உலவச் செய்து, விக்ராந்துக்கே உரியது போன்ற கம்பியில்லாத் தந்திப் போக்குவரத்தை அதிலிருந்து ஓயாது எழுப்புவித்தார். இந்த உபாயத்தில் சென்னைக்கும் பங்குண்டு: விக்ராந்த் வந்துகொண்டிருக்கிறது, துறைமுகத்தில் இடம் வேண்டும், ஒப்பந்தக்காரர்கள் உணவுப்பொருள் சித்தமாக்க வேண்டும் என்று சென்னைக் கடற்படை அதிகாரியிடம் அவர் தொலைபேசியிலேயே, ஒட்டுக்கேட்போர் செவியில் விழட்டும் என்றே, வெளிப்படையாகப் பேசினார். அந்நாட்களில், சென்னைக்கு எதிரேயுள்ள கடலே காஜி தேடி வந்த எல்லையாக இருந்ததென்பதை இந்நகர வரலாற்றை எழுதுவோர் அவசியம் நினைவிற்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, இந்தர் சிங் தலைமையில் விசாகப்பட்டினத்தினின்று புறப்பட்ட ராஜ்புத், நீர்ப்பரப்பில் கண்ட கலக்கத்தைக் குறிவைத்து ஆழ்நீர்க் குண்டுகள் இரண்டை வீசியது. பின்னர் கரையிலுள்ள ஜன்னல்கள் அதிர ஒரு பெருவெடி கேட்டது. செம்படவர்கள் சிதைவுப் பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தனர். காஜியோடு 90-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ராஜ்புத்தே மூழ்கடித்ததென இந்தியத் தரப்பும், நீர்மூழ்கி தான் விதைத்த கண்ணியாலோ உள்வெடிப்பாலோ அழிந்ததெனப் பாகிஸ்தானியத் தரப்பும் கூறுகின்றன. எக்கூற்று மெய்யாயினும், விக்ராந்துக்கு நேரவிருந்த ஆபத்தை இந்தப் பழைய கப்பல் தன்மேல் ஏற்றுக்கொண்டு நின்ற தைரியம் சிறிதும் குறைந்துவிடாது.

1976-இல் ராஜ்புத் உடைக்கப்பட்டது. 1980-இல் சோவியத் நாட்டிலிருந்து பெற்ற புதிய நாசகாரிக்கு அப்பெயர் சூட்டப்பட்டது.