ரங்கூன் பெரியம்மாவின் கல்

போன வாரம் பேத்தி ஒரு சின்னக் குழாயைக் கொண்டுவந்து நீட்டினாள். "தாத்தா, இதுல நேச்சுரல்னு போட்டிருக்கு. நல்லதுதானே?" முகத்தில் பூசுகிற சன்ஸ்கிரீன். தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருகிற பிள்ளை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் பொடி எழுத்தை வாசித்தேன். 1966-ஆம் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, எழுத மனசு வராமல் தள்ளிப்போட்ட விஷயம் இது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மம்சாபுரத்தில் வெயிலுக்கென்று யாரும் எதையும் பூசியதில்லை. விடியுமுன்பே வயலுக்குப் போவார்கள். உச்சிக்கு முன்னால் வரப்பு மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஆண்களுக்குத் தலையில் துண்டு. பெண்களுக்குச் சேலை முக்காடு, அதற்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. மஞ்சளும் சந்தனமும் குளிர்ச்சிக்கும் நிறத்துக்கும் மங்கலத்துக்கும்தான். வெயிலைத் தடுத்தது துணியும் நிழலும் நேரமும்.

அந்த வருஷம் என் தங்கச்சிக்குப் பத்து வயது. முன்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இரண்டே மாதத்தில் ரூபாய் அகலத்துக்குப் பரவியது. ஊரில் அதற்கு வைத்திருந்த பெயர் வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒட்டவும் செய்யாது என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று அந்தப் பெயரே போதும், எங்கள் ஆத்தா சாப்பாட்டை மறப்பதற்கு. நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற கவலை.

யாரோ சொன்னார்கள், கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைத்தால் நிறம் திரும்பும் என்று. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் உள்ள பழைய மருந்துதான், பொய்யில்லை. ஆனால் எவ்வளவு பூசுவது, எத்தனை நிமிஷம் வெயிலில் இருப்பது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அரைத்தவள் ஆத்தா. பக்கத்தில் நின்று காவல் காத்தவன் நான். ஐந்து நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று ஆறாம் நாள், "இன்னும் கொஞ்ச நேரம் இருட்டீ" என்று அவளை உட்கார வைத்தவனும் நான்தான். எனக்குப் பதின்மூன்று வயது.

அன்றைக்கு அந்த வழியாக வந்தவள் ரங்கூன் பெரியம்மா. சொந்தப் பெரியம்மா இல்லை. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம், எங்கள் தெருவில் குடியிருந்தார்கள். "ஏய்யா, பச்சப் புள்ளைய இப்படி வெயில்ல போட்டிருக்கியே! எங்க ஊர்ல வெயிலைத் தடுக்கத்தான் பூசுவோம், வெயிலை இழுக்க யாராவது பூசுவாகளா?" என்று சத்தம் போட்டு அவளை உள்ளே இழுத்துப்போனாள். மறுநாள் கை முழுக்கக் கொப்புளம்.

பெரியம்மா 'எங்க ஊர்' என்றது பர்மாவை. 1962-இல் அங்கே நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் சம்பாதித்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் வந்தது அப்படித்தான். பெரியம்மா கொண்டுவந்தவற்றில் ஒரு வட்டக் கல்லும் ஒரு சாண் கட்டையும் உண்டு. நம் சந்தனக் கல் போலத்தான். தண்ணீர் வழிய ஓரத்தில் பள்ளம் இருக்கும். கட்டையின் பட்டையைத் தண்ணீர் விட்டு உரசினால் மஞ்சளும் வெள்ளையுமாக விழுது வரும். அதுதான் தனாக்கா. கன்னத்தில் வட்டமாகப் பூசிக்கொண்டு அவள் தெருவில் நடந்தால் நாங்கள் சிரிப்போம்.

சிரித்தது எங்கள் அறியாமை. பர்மாவில் அது ராணி முதல் நாற்று நடுகிறவள் வரை பூசுவது. பெகு நகரத்து ஷ்வேமாடோ பகோடா 1930 நிலநடுக்கத்தில் சரிந்தபோது கிடைத்த ஒரு கல்லை, பதினாறாம் நூற்றாண்டு மன்னர் பேயின்னாங்கின் மகள் தனாக்கா அரைத்த கல் என்று சொல்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, அந்த மரம் நமக்கு அந்நியமே இல்லை. நம் பக்கம் மகாவில்வம் என்று சிவன் கோவில்களில் வைத்திருப்பார்கள், அதுதான். விளாமரப் பட்டையையும் அங்கே தனாக்காவாக அரைப்பதுண்டு. அந்தப் பட்டையில் உள்ள மார்மெசின் என்ற பொருள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அப்படியானால் கார்போகரிசி ஏன் சுட்டது? அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. 1933-இல் நம் நாட்டு வேதியியலாளர்களே அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். தோலில் பட்டபின் வெயில் விழுந்தால், வெயிலின் வேகத்தைப் பல மடங்காக்கிவிடும். 1940-களில் கெய்ரோவில் எல் மொஃப்டி என்ற மருத்துவர், நைல் கரையில் விளையும் ஒரு செடியிலிருந்து எடுத்த இதே வகைப் பொருளை வெண்புள்ளிக்கு முறைப்படி கொடுத்துப் பார்த்தார். மருத்துவர் கையில் அளவோடு இருந்தால் மருந்து. என் கையில் இருந்தபோது நெருப்பு. எலுமிச்சைச் சாற்றிலும் இந்தக் குணம் உண்டு. முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் சுட்டுக் கறுத்துவிடும். குளியல் பொடியில் கார்போகரிசி சேர்க்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பொடி போட்டால் நன்றாக அலசிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

பெரியம்மா தனாக்காவைப் புண்ணில் வைக்கவில்லை. "இது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கை" என்று அவளே மதுரைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார். ஆறியபின்னும் வெளியே போகும்போது புள்ளியின்மேல் பூசு, முழுக்கைச் சட்டை போடு என்றார். அந்தக் களிம்பு சிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாகச் சுண்ணம்.

வெளிநாட்டுச் சன்ஸ்கிரீன் கதையும் ஒரு சுட்ட தோலில் ஆரம்பித்ததுதான். 1938-இல் பிஸ் புயின் என்ற ஆல்ப்ஸ் மலையில் ஏறி வெந்துபோன ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற வேதியியலாளர், 1946-இல் ஒரு கிரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எத்தனை மடங்கு காக்கும் என்று சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணும் பிற்பாடு அவர் பெயரோடு சேர்ந்தது. நம் ஊருக்கு அந்த எண் வந்து சேருமுன்பே, 1975-இல் சிவப்பாக்கும் கிரீம் வந்துவிட்டது. வெயிலில் நிற்கிறவனைக் காப்பதைவிட அவன் நிறத்தை மாற்றுவது பெரிய வியாபாரமாக இருந்தது.

இனி பேத்திக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நேச்சுரல் என்ற சொல்லைப் பார்த்து வாங்க வேண்டாம், கார்போகரிசியும் நேச்சுரல்தான். பின்னால் சிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு என்று இருக்கிறதா பாருங்கள். 2019-இல் அமெரிக்க மருந்துத் துறை தன் வரைவு விதியில், பாதுகாப்பும் பலனும் உறுதியானவை என்று முன்மொழிந்தது இந்த இரண்டைத்தான். இரண்டும் மண்ணிலிருந்து வரும் தாதுக்களில் இருந்து செய்வதுதான். எஸ்பிஎஃப் 30 போதும். சூட்டைத் தருகிற கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றும் இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். பொட்டு வைத்தமாதிரி தடவினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். புதுசு எதுவானாலும், தனாக்கா உட்பட, முழங்கை உள்பக்கம் இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்தால் சன்ஸ்கிரீன் ஆகாது.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், குறிப்பாக ஹைட்ரோகுளோரோதயசைடு, வெயிலைத் தாங்க முடியாத தோலாக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மேல் பேங்குக்குப் போனால் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். புள்ளி மேலும் சில இடங்களில் வந்தது. அதை மறைக்காமல்தான் திரிகிறாள். கையில் அந்தக் கொப்புளத் தழும்பு இன்னும் இருக்கிறது. போன வருஷம் ஒருநாள், "அன்னைக்கு நான்தானே உன்ன இன்னும் கொஞ்ச நேரம்னு உக்கார வச்சேன்" என்று கேட்டேவிட்டேன். "அதெல்லாம் எங்கண்ணே ஞாபகம் இருக்கு? பெரியம்மா கத்துனதுதான் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போனாள்.

பெரியம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கல் அவர்கள் வீட்டில் இப்போது சந்தனம் அரைக்க இருக்கிறது.