ஆறுமணிக்குருவி: ஒன்பது நிறங்களோடு தெற்கே வலசை வரும் பறவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில், விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் தோப்புகளிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி கேட்டால், ஆறுமணிக்குருவி வந்துவிட்டது என்று பொருள். குரல் எழுப்பும் நேரமே இதற்குப் பெயராயிற்று. தோட்டக்கள்ளன் என்றும் தமிழில் அழைப்பர். இந்தியில் இதன் பெயர் 'நவரங்'. 'பிட்டா' என்னும் அறிவியல் பெயர், சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது.

அடையாளம் காண்பது எப்படி?

மைனாவை விடச் சற்றுச் சிறியது. வால் மிகவும் குட்டையானது, கால்கள் நீண்டு வலுவானவை. முதுகு பச்சை, தொண்டை வெள்ளை, மார்பு வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு, அடிவயிறு கருஞ்சிவப்பு. இறக்கையில் பளிச்சிடும் நீலத்திட்டு உண்டு. கண்ணை ஒட்டி அகன்ற கறுப்புப் பட்டையும் அதன் மேல் வெண்கோடும் காணப்படும். நீல நிறத்தைக் கண்டு மீன்கொத்தி என எண்ணுவோர் உண்டு. மீன்கொத்தியைப் போல இதற்கு நீண்ட அலகு இல்லை. பெரும்பாலும் தரையில் தத்தித் தத்தியே நடமாடும்.

உணவும் இனப்பெருக்கமும்

உதிர்ந்த இலைகளை அலகால் புரட்டி, அடியிலுள்ள பூச்சிகளையும் மண்புழுக்களையும் உண்ணும். இரவில் மரக்கிளையில் தங்கும். இமயமலை அடிவாரம் முதல் மத்திய இந்தியா வரையுள்ள காடுகளில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டும். புல்லாலும் சருகுகளாலும் ஆன உருண்டையான அக்கூட்டின் பக்கவாட்டில் வாயில் அமைந்திருக்கும். நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்து, கோடையில் வடக்கே திரும்பும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

நெடும்பயணத்தில் களைத்த பறவைகள் வீடுகளுக்குள் புகுவதும், கண்ணாடிச் சன்னல்களில் மோதி விழுவதும் உண்டு. அவ்வாறு விழுந்த பறவையைக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்ததும் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இப்பறவையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

இவ்வினம் உடனடி அழிவு அபாயத்தில் இல்லை. எனினும், தோட்டச் சருகுகளை முழுவதுமாகக் கூட்டி எரித்துவிட்டால், தொலைதூரம் பறந்து வரும் இந்தப் பறவைக்கு இரை தேட இடமிருக்காது. மரத்தடியில் சிறிதளவு சருகை விட்டுவைப்பதே அதற்கு நாம் செய்யும் எளிய உதவி.