அறியாவினாவும் அறிந்தோர் கடனும்

தமிழிலக்கணம் வினாவை ஆறு வகையாகப் பகுக்கின்றது. அவற்றுள், அறியாதவன் அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியாவினா. மாணவன் வினவ, விடை கூறுதல் ஆசிரியரின் தொழில். அதற்கு ஊதியமும் உண்டு. ஊதியமின்றி, முகமறியாத ஒருவர்க்கு விடை கூறுவோர் எவ்வாறு கூறுதல் வேண்டும்? கணிப்பொறி நிரல் எழுதுவோரிடையே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிகழும் வழக்கு இது.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் கணிப்பொறிகளுக்கிடையே செய்தி பரிமாறும் முறையொன்றை வகுத்தனர். மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த அதுவே யூஸ்நெட். பொருள்தோறும் குழுக்கள் அமைந்தன. நிரல்மொழிகளுக்கும் தனிக் குழுக்கள் தோன்றின. ஒருவர் தம் ஐயத்தை எழுதுவார். எங்கோ இருக்கும் மற்றொருவர் விடை எழுதுவார். கைம்மாறு கருதாத இவ்வுதவியே அச்சமுதாயத்தின் உயிர்நாடி.

ஆண்டுதோறும் செப்டம்பர் திங்களில் பல்கலைக்கழகங்களில் சேரும் புதிய மாணவர்கள், முன்னையோர் கேட்டவற்றையே மீண்டும் கேட்பர். சலிப்புற்ற மூத்தோர் ஒரு நல்வழி கண்டனர். அடிக்கடி எழும் வினாக்களை விடைகளோடு தொகுத்துக் காலந்தோறும் வெளியிட்டனர். சி மொழிக் குழுவுக்காக ஸ்டீவ் சம்மிட் 1990இல் தொடங்கிய தொகுப்பு புகழ்பெற்றது. பின்னர் நூலாகவும் வந்தது. ஒருவர் உழைப்பு ஓராயிரம் பேரின் ஐயத்தைத் தீர்த்தது.

ஆயினும், அன்பினால் பிறந்த தொகுப்பே சிலர் கையில் தடியாயிற்று. 'கையேட்டைப் படி' என்பதோடு வசைச்சொல் ஒன்றையும் கலந்த நான்கெழுத்துச் சுருக்கம் விடையாக வழங்கியது. 1993 செப்டம்பர் முதல் வணிக நிறுவனங்களின் வழியே பொதுமக்கள் யூஸ்நெட்டில் திரளாக நுழையவே, புதியோர் வருகை ஆண்டு முழுதும் நீடித்தது. மூத்தோர் அதனை 'முடிவில்லாச் செப்டம்பர்' என்று நொந்துகொண்டனர். 1995 அக்டோபரில் வெளியான வலையொழுக்க நெறிகள், எதையும் எழுதுமுன் ஓரிரு திங்கள் பிறர் உரையாடல்களைப் படிக்குமாறு புதியோர்க்கு அறிவுறுத்தின. நல்ல அறிவுரையே, ஆனால், நாளையே பயிற்சியை ஒப்படைக்க வேண்டிய மாணவன் இரு திங்கள் காத்திருப்பானோ?

மாற்றுக் குரல்களும் ஒலித்தன. பேராசிரியர் ஃபில் ஏகர் 1990களில் எழுதிய சிறு குறிப்பில், எவரும் இவற்றை அறிந்து பிறப்பதில்லை என்பதை உதவுவோர்க்கு நினைவூட்டினார். 2001இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் வெளியிட்ட கட்டுரை வினவுவோர் கடமைகளையே விரித்துரைப்பது. எனினும், முதன்முறை தவறியவரைப் பலர்முன் நாணச் செய்யாது தனியே திருத்துக என்று விடை கூறுவோர்க்கும் அது நெறி வகுத்தது.

2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் ஸ்டாக் ஓவர்ஃபுளோவைத் தொடங்கினர். ஆங்கு நல்ல விடைக்கு மதிப்பெண் உண்டு. முன்பே கேட்கப்பட்ட வினா மூடப்படும். இக்கண்டிப்பில் நியாயம் இல்லாமலில்லை. விடை, கேட்டவர்க்கு மட்டுமன்றிப் பின்னர்த் தேடி வருவோர்க்கும் உரியது. குப்பை பெருகின் நெல்மணி கிட்டாது. ஆனால், வருங்காலத்தவரைப் பேணும் முனைப்பில், எதிரே நின்ற ஒருவர் மறக்கப்பட்டார். புதியோரும் பெண்களும் பிறரும் இங்கு அயலாராக உணர்கின்றனர் என்று 2018இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது; அவ்வாண்டே புதிய நடத்தை நெறிகளையும் வகுத்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கற்போர் பலர் இயந்திரத்தை நாடினர். அத்தளத்தில் வினாக்கள் வெகுவாகக் குறைந்தன. விரைவு மட்டுமன்று, எத்தனை முறை கேட்பினும் முகம் சுளிக்காமையும் இதற்கு ஒரு காரணம் எனலாம். எனினும் இயந்திரம் கற்றது மனிதர் எழுதி வைத்தவற்றிலிருந்தே. வினவுவோர் வாய் மூடின், எழுதுவோர் கையும் ஓயும். பொதுக் களஞ்சியம் வற்றும்.

வினவுவோன் முயன்று பார்த்ததைக் கூறி வினவுதல் வேண்டும். அறிந்தோர் தாமும் ஒருநாள் அறியாதிருந்ததை எண்ணி விடையிறுத்தல் வேண்டும். ஒரு கடுஞ்சொல் ஒரு வினாவை மட்டும் அடைப்பதில்லை. அவ்வாயினின்று பின்னர்ப் பிறக்கவிருந்த வினாக்கள் அனைத்தையும் அடைத்துவிடுகின்றது. வகுப்பறைக்கும் இது பொருந்தும்.