டிவி மாற்ற முன்னர் கொஞ்சம் வரலாறு

பெருநாள் நெருங்கினால் போதும், கடைகளில் அறிவித்தல் தொங்கத் தொடங்கிவிடும். பழைய டிவியைத் தாருங்கள், புதியதை எடுத்துப் போங்கள், மிச்சத்தை மாதாமாதம் கட்டுங்கள் என்று. பிள்ளைகளும் கேட்கிறார்கள். 32 அங்குலம் போதுமா, 55 எடுப்பதா என்று நாமும் குழம்பி நிற்கிறோம். கடைக்குப் போக முன்னர், இந்தப் பெட்டி நமது வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

1979 ஏப்ரல் 13ஆம் திகதி ஐ.ரி.என். தொடங்கியது. தனியார் தொடங்கிய அந்தச் சேவையை ஜூன் மாதமே அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அப்போது அலை எட்டியது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும்தான். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. டிவி தூர ஊர்களுக்கு வந்தது அதன் பிறகுதான்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ரூபவாஹினி வண்ணத்தில் ஒளிபரப்பியது. ஆனாலும் வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகவில்லை. அதே அலையை அவை கறுப்பு வெள்ளையாகக் காட்டின. வசதி வந்தபோது மாற்றியவர்கள் மாற்றினார்கள். மற்றவர்கள் இருந்ததைப் பார்த்தார்கள்.

கரண்ட் எட்டாத கிராமங்களில் கார் பெட்டரியில் டிவி ஓடியது. பெட்டரியைச் சைக்கிளில் கட்டி சார்ஜ் பண்ணக் கொண்டுபோன காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை எடுத்ததை, ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால் தெருவே கூடியிருந்து பார்த்தது. அரவிந்த டி சில்வாவின் 107 ஓட்டங்களைப் பார்க்க அந்தத் திரை போதுமாக இருந்தது.

அந்தப் பெட்டிகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இறக்குமதி இலகுவானது. வளைகுடா நாடுகளில் வேலையும் கிடைத்தது. முதலில் வாப்பாமார் போனார்கள், பிறகு உம்மாமாரும் ராத்தாமாரும் போனார்கள். கட்டுநாயக்க தீர்வையற்ற கடையில் வாங்கிய டிவிப் பெட்டி வேனின் கூரையில் கட்டப்பட்டு ஊர் வரும். அந்தப் பெட்டியின் விலை றியாலிலும் தினாரிலும் மட்டும் கட்டப்பட்டதில்லை. பிள்ளைகளைப் பிரிந்திருந்த வருடங்களிலும் கட்டப்பட்டது. டிவியின் விலையைப் பேசும்போது இதை நாம் மறக்கக் கூடாது.

வடக்கின் கதை வேறு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உயரமான அன்டெனா கட்டித் தமிழ்நாட்டுத் தூர்தர்ஷன் பார்த்தவர்கள் உண்டு. ரூபவாஹினியை வடக்குக்குக் கொண்டுவந்த கொக்காவில் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. புதிய கோபுரம் 2011 ஜூனில்தான் திறக்கப்பட்டது. அதே 1990இன் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்கள் வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். கோபுரம் இல்லாவிட்டால் டிவி வெறும் பெட்டி. வீடே இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இனி இன்றைக்கு வருவோம். 2014 செப்டெம்பரில் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே கொழும்பு வந்தபோது, ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி டிஜிட்டல் முறையை இங்கே கொண்டுவர ஒத்துழைப்பதற்கு இரு நாடுகளும் இணங்கின. அதற்கு முன்னர் ஐரோப்பிய முறையைப் பற்றித்தான் பேச்சு இருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியபோது ஜப்பான் கடனில் நடந்த வேலைகள் நின்றன. 2024இல்தான் அவற்றுக்கான கடன் திரும்பவும் திறக்கப்பட்டது. ஜப்பானோ 2003இல் டிஜிட்டலைத் தொடங்கி, 2011இல் பெரும்பாலான மாகாணங்களில் அனலொக்கை நிறுத்தியும் விட்டது.

இந்த மாற்றம் வண்ணம் வந்தது போன்றதல்ல. அனலொக் நின்றால், அன்டெனாவில் ஓடும் பழைய பெட்டி தனியாக எதையும் காட்டாது. ஒன்றில் டிகோடர் வேண்டும், அல்லது அந்த முறையை ஏற்கும் டிவி வேண்டும். ஐரோப்பிய முறைக்கு மட்டும் செய்த டிவியை இன்று வாங்கினால், அன்றைக்கு அதற்கும் ஒரு டிகோடர் தேவைப்படும்.

கரையோரத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பான் முறையில் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்றொரு வசதி உண்டு. அதை ஏற்கும் டிவி ஸ்டேன்ட்பையில் கிடந்தாலும், அபாய அறிவித்தல் வந்தால் தானாகவே இயங்கும். 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்ராவில் நிலம் நடுங்கி, அலை நமது கிழக்குக் கரைக்கு வர ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரம் இருந்தும் ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. டிவி இருந்த வீடுகளுக்கும் செய்தி வரவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் அந்தக் காலையில் உறவுகளை இழந்தவர்களுக்கு, 55 அங்குலத்தை விட இந்த ஒரு வசதி பெரியது.

ஆகவே கடைக்காரரிடம் அங்குலத்தைக் கேட்க முன்னர் சில விடயங்களைப் பார்ப்போம்.

இப்போதிருக்கும் டிவி வேலை செய்கிறதா? டயலொக் அல்லது பியோ டிவி பெட்டியில் பார்ப்பவர்களுக்கு அனலொக் நின்றாலும் அவசரமில்லை.

அன்டெனாவில் பார்க்கிறோமா? நமது அனலொக் படத்தில் 576 வரிகள்தான். 4கே திரையில் 2160 வரிகள். சின்னப் படத்தைப் பெரிய திரையில் இழுத்தால் மங்கலாகத்தான் தெரியும்.

கரண்ட் பில் எப்படி? 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியது. பழைய கண்ணாடிக் குழாய் டிவியைக் கொடுத்து 32 அங்குல எல்.ஈ.டி. எடுப்பவர்களுக்குப் பில் குறையும். 55 எடுத்தால் அந்த மிச்சம் அநேகமாகக் காணாமல் போகும்.

தவணையா? ரொக்க விலையையும் தவணையில் கட்டும் மொத்தத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். இடையிலுள்ள தொகை என்ன கணக்கு என்று கேட்போம். வட்டியென்றால் நமது முடிவு நமக்குத் தெரியும்.

கடைசியாக, வாங்கத்தான் போகிறோம் என்றால் இரண்டு கேள்வி கேட்போம். இது ஐ.எஸ்.டி.பி.-டி ஏற்குமா? அவசர எச்சரிக்கை வசதி உண்டா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துப் பார்ப்போம்.

நமது உம்மாமார் வெளிநாட்டில் உழைத்து வாங்கிய பெட்டி வருடக்கணக்காக ஓடியது. அடுத்த பெட்டியை வாங்கும் நாளைக் கடையின் சலுகை தீர்மானிக்க வேண்டாம். ஒளிபரப்பு மாறும் நாளும் வீட்டின் தேவையும் தீர்மானிக்கட்டும்.